ரிம்மை வளர்த்தால் சொகுசு வளராது

கோடி ரூபாய் கொடுத்து எஸ்யூவி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வாகனக் கட்டுரையாளர் அண்மையில் அறிவுரை வழங்கியிருக்கிறார். நிறுவனத்தின் பட்டியலில் இருப்பதிலேயே பெரிய சக்கரம் எதுவோ, அதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் என்கிறார். 22 அங்குலம் இருந்தால் 22. 23 இருந்தால் 23. பெரிய சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் உருண்டு கடந்துவிடுமாம். அங்குலம் கூடக்கூட வளைவில் பிடிமானம் கூடுமாம். ஏர் சஸ்பென்ஷன் வந்துவிட்ட காலத்தில் டயர் தடிமனாக இருக்க வேண்டும் என்று கேட்பது அம்பாசடர் காலத்துப் புத்தியாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சொகுசு வண்டியைச் சிறிய சக்கரத்தோடு எடுப்பவர்கள் கஞ்சர்களாம்.

இவற்றில் ஒன்றுகூட நிற்காது. இப்படிப்பட்ட கட்டுரைகளைப் படித்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுவது என் வழக்கம். இதை அப்படி விட மனம் வரவில்லை. முன்பதிவுப் படிவத்தில் சக்கர அளவுக்கு எதிரே போடுகிற ஒரு டிக், அந்த வண்டியில் இனி உட்காரப் போகிற எல்லோருடைய முதுகையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது. வயதான அம்மா அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஓட்டுகிற குடும்பங்கள் இந்த அறிவுரையை நம்பிக் காசைக் கொட்டும். கொட்டிய பிறகு மாற்றிக்கொள்வது எளிதல்ல. ஊருக்கு அறிவுரை சொல்கிறவர் டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்ணையாவது படித்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் படிக்கவில்லை.

படித்திருந்தால் பள்ளத்தைப் பற்றிய அந்த முதல் வாதத்தை எழுதியே இருக்க மாட்டார். 255/60 ஆர்20 என்று ஒரு டயரில் இருந்தால், அதன் அகலம் 255 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 60 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 153 மில்லிமீட்டர். 20 என்பது உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். லேண்ட் ரோவர் டிஃபெண்டரை எடுத்துக்கொள்வோம். இப்போதைய தலைமுறை டிஃபெண்டருக்கு 18, 19, 20, 22 என்று நான்கு அளவுகளில் சக்கரம் உண்டு. 18-க்கு 255/70 டயர், 19-க்கு 255/65, 20-க்கு 255/60, 22-க்கு 275/45. பெருக்கிக் கூட்டிப் பாருங்கள். தரையிலிருந்து உச்சி வரை 18 அங்குலச் சக்கரத்தின் மொத்த உயரம் 814 மில்லிமீட்டர். 19-க்கும் 814. 20-க்கும் 814. 22-க்கு 806.

பெரிய சக்கரம் என்று அவர் வாங்கச் சொல்லும் சக்கரம், சாலையில் உருளும்போது நான்கிலும் சிறியது. ரிம் மட்டும்தான் வளர்ந்திருக்கிறது, சக்கரம் வளரவில்லை. வளர்ந்த ஒவ்வோர் அங்குலமும் ரப்பரிலிருந்தும் காற்றிலிருந்தும் வெட்டி எடுத்தது. 18 அங்குல ரிம்மைச் சுற்றி 178 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பக்கச்சுவர் நிற்கிறது. 22 அங்குல ரிம்மைச் சுற்றி நிற்பது 124-க்கும் சற்றுக் குறைவு. பள்ளத்தின் விளிம்புக்கும் உலோகத்துக்கும் இடையில் இருந்த மெத்தையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. போனதை லாபம் என்று சொல்லி விற்கிறது அந்தக் கட்டுரை.

விட்டம் பெரிதானால் பள்ளத்தை எளிதாகக் கடக்கலாம் என்பது இயற்பியலில் உண்மைதான். ஆனால் அந்த உண்மையின் கதி என்ன ஆயிற்று என்பதை நம் கிராமங்களே பார்த்திருக்கின்றன. மாட்டுவண்டியின் மரச்சக்கரம் ஆள் மார்பளவு உயரம்; அதைச் சுற்றி இரும்புப் பட்டை. அவ்வளவு பெரிய சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சிறிய காற்று டயரைப் போட்டு ஓட்டத் தொடங்கினார்கள் வண்டிக்காரர்கள். டயர் வண்டியில் பாரமும் கூடுதலாக ஏற்ற முடிந்தது, மாட்டின் கழுத்தும் தேயவில்லை. விட்டத்தில் இழந்ததைக் காற்று திருப்பிக் கொடுத்தது. பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் கற்சாலையில் தூக்கிப் போடுகிறதே என்றுதான் காற்று டயரைச் செய்து பார்த்தார். 1888-ல் காப்புரிமை வாங்கினார். சொகுசு என்பதற்காகவே பிறந்த பொருள் அது. அதைச் சுருக்கச் சுருக்கச் சொகுசு கூடும் என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

ஏர் சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற வாதத்துக்கு வருகிறேன். படித்தவர்களையும் ஏமாற்றுவது இதுதான். ஷோரூமிலும் இதையே சொல்கிறார்கள். ஏர் சஸ்பென்ஷன் எங்கே இருக்கிறது? சக்கரத்துக்கு மேலே. வண்டியின் உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. சக்கரம், டயர், பிரேக் டிஸ்க், ஹப் எல்லாம் அதற்குக் கீழே இருக்கின்றன. சாலையின் அடி முதலில் விழுவது கீழே இருப்பவற்றின் மீது. அங்கே டயரைத் தவிர வேறு ஸ்பிரிங் கிடையாது.

உடல் மேலும் கீழும் அசைவது நொடிக்கு ஏறத்தாழ ஒன்று அல்லது ஒன்றரை முறை. பாலத்தில் ஏறி இறங்கும்போது வண்டி மிதந்து அடங்குகிறதே, அந்த அசைவு. இதை ஏர் சஸ்பென்ஷன் அற்புதமாகக் கையாள்கிறது, மறுக்கவே இல்லை. சக்கரம் தன் அச்சோடு துள்ளுவது வேறு ரகம். நொடிக்குப் பத்து, பதினைந்து முறை. கான்கிரீட் சாலையின் இணைப்புகள், மேம்பாலத்து இரும்புப் பட்டைகள், குழாய்க்குத் தோண்டி அரைகுறையாக மூடிய குறுக்குப் பள்ளங்கள், சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்ட சாக்கடை மூடிகள் எல்லாம் கிளப்புவது இந்த ரகம். எலெக்ட்ரானிக் டேம்பர்கள் கண் இமைப்பதற்குள் இறுகவும் தளரவும் செய்யலாம். ஆனால் டேம்பரால் ஒரு சக்கரத்தின் எடையைக் குறைக்க முடியாது, இல்லாத ரப்பரை உண்டாக்கவும் முடியாது. பெரிய ரிம் போட்டால் இரண்டு பக்கமும் அடி: மெத்தை மெலிகிறது, அதன் மேல் துள்ளுகிற உலோகம் கனக்கிறது. அந்த உலோகம் அச்சிலிருந்து தள்ளிப் போவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுழலும் பொருளின் நிலைமம் ஆரத்தின் இருமடியாகக் கூடும். 18 அங்குல ரிம்மின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோவை 22 அங்குல ரிம்மின் விளிம்புக்கு நகர்த்தினால், அதைச் சுழற்றவும் நிறுத்தவும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு உழைப்பு. எஞ்சினும் பிரேக்கும் அந்த வேலையை வண்டி ஆயுள் முழுவதும் செய்ய வேண்டும்.

ரோல்ஸ் ராய்ஸ் கல்லினனே 22 அங்குலத்தில்தான் வருகிறது, அதைவிடச் சொகுசு எது என்று கேட்கிறார் கட்டுரையாளர். கல்லினனின் எடை இரண்டரை டன்னுக்கு மேல். மேலே இருக்கும் எடை கூடக்கூட, கீழே துள்ளும் சக்கரம் அதை அசைப்பது கடினமாகிறது. அந்த வண்டியின் அலுமினியச் சட்டமும், ஏர் ஸ்பிரிங்கும், சக்கரக் கைகளும் அந்த அளவுச் சக்கரத்தை மனத்தில் வைத்தே வரையப்பட்டவை. அதே நிறுவனம் பேண்டம் வண்டிக்கு டயரின் உட்புறத்தில் இரைச்சலை உறிஞ்ச நுரை ஒட்டி அனுப்புகிறது. மெல்லிய டயரின் கேட்டை அடக்க இத்தனை பாடு பட வேண்டியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. மெல்லிய டயர் கேடு செய்யாது என்பதற்கு அல்ல. நம் கட்டுரையாளர் அறிவுரை சொல்லும் வண்டிகளில் கதை வேறு. ஒரே சஸ்பென்ஷன், அதன் கீழே 19-ம் போடலாம், 22-ம் போடலாம். அங்கே 22 போடுகிறவர், பொறியாளர்கள் உழைத்துத் தந்த சொகுசில் ஒரு பங்கைக் காசு கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்5 நமக்குப் பக்கத்து வண்டி. செங்கல்பட்டு அருகே மகேந்திரா சிட்டியில் 2007 முதல் இயங்கும் ஆலையில் பூட்டப்படுகிறது. இப்போதைய தலைமுறைக்கு 19 அங்குல ரிம் என்றால் 265/50 டயர்; பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர். 22 அங்குலம் என்றால் முன்னால் 275/35, பின்னால் 315/30. பக்கச்சுவர் 96-ம் 94-ம். ஓர் ஆளின் உள்ளங்கை அகலத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அதன்மேல் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டியும் ஐந்து பேரும் பெட்டிகளும். டயர் ரன்ஃபிளாட் ரகமாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். காற்றே இல்லாமல் வண்டியைத் தாங்க வேண்டும் என்பதற்காக அதன் பக்கச்சுவரை விறைப்பாகச் செய்கிறார்கள். 19-ல் நான்கு டயரும் ஒரே அளவு என்பதால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னது பின்னதாக மாற்றிப் போட்டு ஒரே சீராகத் தேய வைக்கலாம். முன்னால் 275, பின்னால் 315 என்று வாங்கியவருக்கு அந்த வழியும் அடைபட்டது.

இனி ஹேண்ட்லிங். கட்டுரையாளர் மிகவும் நெஞ்சு நிமிர்த்தி எழுதியிருக்கும் பகுதி இது. இதில் பாதி உண்மை இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கச்சுவர் குட்டையானால் அது பக்கவாட்டில் வளைவது குறையும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும். வழுவழுப்பான ரேஸ் டிராக்கில் அந்தக் கூர்மை நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சட்டென்று திரும்புவதும் நன்றாகப் பிடித்து நிற்பதும் வேறு வேறு. பிடிமானத்தைத் தருவது ரப்பர் கலவை, தரையைத் தொடும் பரப்பு, அந்தத் தொடுகை அறுபடாமல் இருப்பது. சாலை மேடும் பள்ளமுமாக இருந்தால், கனத்த சக்கரமும் விறைத்த டயரும் தரையை விட்டு விட்டுத் தொடுகின்றன. தொடாத கணத்தில் பிடிமானம் பூஜ்யம். ரிம் 23 ஆக இருந்தாலும் அதேதான்.

ஃபார்முலா ஒன் 13 அங்குலத்திலிருந்து 18-க்கு மாறியதை அவர் பெரிய துருப்புச்சீட்டாக இறக்கியிருக்கிறார். மாறியது 2022-ல். 2021 வரை உலகிலேயே மிக வேகமாக வளைவுகளை எடுத்த கார்கள், பருத்த பக்கச்சுவர் கொண்ட 13 அங்குலச் சக்கரங்களில்தான் ஓடின; அந்தப் பக்கச்சுவரே சஸ்பென்ஷன் வேலையில் பெரும் பகுதியைச் செய்தது. 18-க்குப் போனதன் முக்கியக் காரணம், பந்தய டயர் சாலை டயரைப் போலத் தோன்றவும் அதன் தொழில்நுட்பம் சாலைக்கு உதவவும் வேண்டும் என்பது. சக்கரங்கள் அதனால் கனத்தன. அந்தக் கார்களின் குறைந்தபட்ச எடை அந்த ஆண்டு 798 கிலோ. ஓடுவது பாய் விரித்தாற்போன்ற தளத்தில். அந்தப் பந்தயக் காரின் 18 அங்குலம், எக்ஸ்5-ன் 19-ஐவிடச் சிறியது என்பதையாவது எழுதும்போது அவர் கவனித்திருக்கலாம்.

எஸ்யூவிக்குப் பந்தய உதாரணம்தான் வேண்டுமென்றால் டக்காரைப் பார்க்க வேண்டும். மணல், பாறை, காய்ந்த ஆற்றுப்படுகை என்று பல்லாயிரம் கிலோமீட்டர் பறக்கிற பந்தயம் அது. அதன் முதல்நிலைக் கார்களுக்கு 2022 முதல் பெரிய டயர் அனுமதிக்கப்பட்டது. டயரின் மொத்த உயரம் 37 அங்குலம். உள்ளே ரிம் 17 அங்குலம். ரப்பரைத்தான் வளர்த்தார்கள். லேண்ட் ரோவரே 2024-ல் 635 குதிரைத்திறனில் டிஃபெண்டர் ஆக்டா என்று ஒன்றை வெளியிட்டது. டிஃபெண்டர் குடும்பத்தின் உச்சம் அது. அதற்கு 33 அங்குல உயர டயரைப் போட்டு, கரடுமுரடான தடத்தில் ஓட்டுகிறவர்களுக்கு 20 அங்குல ரிம்மைக் கொடுத்தது. 22-ம் பட்டியலில் இருக்கிறது, சாலைக்கு. வேகமும் கரடும் சேர்ந்து வரும் இடத்தில் என்ன போட வேண்டும் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மலைச்சாலைகளுக்குப் பெரிய சக்கரம் அவசியம் என்றும் ஒரு வரி போகிற போக்கில் வருகிறது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு ஏறும்போது 40. அந்த வளைவுகளை 20, 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் எடுக்க முடியும். அங்கே ஓட்டுநருக்குத் தேவைப்படுவது மழையில் பெயர்ந்த உள்விளிம்பிலும், சரளை கொட்டிக் கிடக்கும் முனையிலும் வழுக்காத டயர். எதிரே பேருந்து வரும்போது தார் விளிம்பிலிருந்து மண்ணுக்கு இறங்கி ஏற வேண்டும். விளிம்பு அரை அடி உடைந்திருக்கும். உயரமான பக்கச்சுவர் மடங்கிக் கொடுத்து ஏறிவிடும். 94 மில்லிமீட்டர் பக்கச்சுவரோடு அங்கே இறங்கியவரின் காதில் முதலில் விழுவது ரிம் உரசும் சத்தம்.

மழையைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. எனக்கு மிகவும் கோபம் வந்தது இந்த மௌனத்தைப் பார்த்துத்தான். பெரிய ரிம்மோடு அகலமான டயரும் சேர்ந்தே வருகிறது. அகலம் கூடினால் முன்னால் தேங்கிய தண்ணீரை விலக்குவது கடினம். விலக்க முடியாதபோது டயர் தண்ணீரின் மேல் மிதக்கிறது, ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடுகிறது, பிரேக் பிடிப்பதில்லை. ஐப்பசி கார்த்திகையில் ஜிஎஸ்டி சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இரவில் ஓட்டுகிறவர்களுக்கு இது ஏட்டுப் படிப்பல்ல. 265 டயருக்கும் 315 டயருக்கும் இடையில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது இந்த ஒரு வரியைக்கூட எழுதாமல் விடுவதைக் கவனக்குறைவு என்று மட்டும் சொல்ல முடியாது. படிப்பவர் உயிர் மேல் அக்கறை இல்லாத எழுத்து அது.

மழை ஓய்ந்த வாரங்களில் சென்னையின் எந்தப் பெரிய டயர் கடைக்கும் அவர் போய் நின்று பார்க்கட்டும். கழற்றி உருட்டிவிட்ட டயர்கள் சுவரோரம் சாய்ந்திருக்கும். டிரெட் இன்னும் பாதிகூடத் தேய்ந்திருக்காது. ஆனால் பக்கச்சுவரில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வீக்கம். டயரைக் கவிழ்த்து உட்புறத்தைத் தடவினால், அந்த வீக்கத்துக்கு நேரே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல்கள் விரலில் தட்டுப்படும். பள்ளத்தின் விளிம்பும் ரிம்மின் விளிம்பும் இடையில் சிக்கிய ரப்பரை நசுக்கிய இடம் அது. உள்ளே இழை அறுந்துவிட்டது. காற்று வெளித்தோலை மட்டும் தள்ளிக்கொண்டு நிற்கிறது. "இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது சார், மாத்தித்தான் ஆகணும்" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது சரி. அந்த வீக்கம் நெடுஞ்சாலையில் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். ஒட்டுப்போடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்பதால், பழசும் புதுசும் ஒரே அச்சில் ஓடக் கூடாது என்று ஜோடியாக மாற்றச் சொல்வார். அதுவும் சரி. ஒரு பள்ளம், இரண்டு டயர். ரிம் வளைந்திருந்தால் சூடுகாட்டி நிமிர்த்தித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் செய்யாதீர்கள்.

அந்த இரண்டு டயர்கள் கடையில் கிடைத்தாக வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு புதிய டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்த்தது. அன்று முதல் கொண்டுவர உரிமம் வேண்டும். அதிகம் விற்காத 22, 23 அங்குல அளவுகளுக்கு இருப்பு வைத்திருக்கும் கடைகள் எத்தனை இருக்கும்? திருச்சியைத் தாண்டி இரவில் டயர் போய்விட்டால் எங்கே தேடுவது? இந்தக் கேள்விகளுக்கு அவருடைய கட்டுரையில் இடமே இல்லை.

நம் சாலைகளின் வேகத்தடைகளுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் 99-ம் எண் வழிகாட்டியின் 1988 பதிப்பு, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடப்பதற்கான வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும் என்றது. உங்கள் தெருவில் இருப்பதை அளந்து பாருங்கள். உயரம் இருக்கும், நீளம் ஓர் எட்டுக்குள் முடிந்துவிடும். இந்தத் தெருக்களில்தான் அந்த வண்டி ஓடப் போகிறது. ஷோரூமுக்கு வெளியே இருக்கும் புதுத் தாரில் அல்ல.

பெரிய ரிம்முக்கு ஒரு நேர்மையான தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. அதை அவர் தொடவே இல்லை. பிரேக் டிஸ்க்கும் கேலிப்பரும் ரிம்முக்குள் அடங்க வேண்டும். சக்தி வாய்ந்த எஞ்சின் உள்ள வகைகளுக்குப் பெரிய பிரேக் தேவை. அதற்கு 18 அங்குலம் போதாமல் போகலாம். அதனால்தான் ஒவ்வொரு எஞ்சினுக்கும் இதற்குக் குறைந்து போடாதே என்று நிறுவனமே ஓர் அளவு வைத்திருக்கிறது. அந்த அளவு பொறியாளர் வைத்தது. அதற்கு மேலே இருக்கும் ஒவ்வோர் அங்குலமும் ஓவியர் கேட்டது.

ஓவியர் கேட்பதிலும் தப்பில்லை. டிஃபெண்டரின் உயரம் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கதவுகள் உயர்ந்துவிட்டன, ஜன்னல்கள் சுருங்கிவிட்டன. அவ்வளவு பெரிய உடலுக்குக் கீழே சிறிய ரிம் ஒடுங்கித் தெரியும் என்று வடிவமைப்பாளர்கள் நினைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, அதனால் 22 எடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் எனக்கு அவரோடு வாதமே கிடையாது. அழகுக்குக் காசு கொடுப்பது அவரவர் உரிமை. அழகை விற்க வந்தவர் அதைச் சொகுசு என்றும் பிடிமானம் என்றும் பெயர் மாற்றி விற்பதுதான் தவறு. எரிபொருள் கணக்கிலும் இதே கதை. எஸ்யூவி இல்லையென்றாலும் டெஸ்லா மாடல் எஸ் பிளைடு என்ற மின்சாரக் கார் ஒரு தெளிவான அத்தாட்சி: அமெரிக்க அரசின் 2021-ம் ஆண்டு மதிப்பீட்டில் ஒரு சார்ஜில் 19 அங்குலச் சக்கரத்தோடு 637 கிலோமீட்டர் ஓடிய அதே கார், 21 அங்குலத்தோடு 560 தான் ஓடியது.

கடைசியாக அந்தக் கஞ்சர் பட்டம். சொகுசு எஸ்யூவி என்ற இனத்தையே தொடங்கி வைத்த வண்டிகளில் முதன்மையானது 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர். தொழில் வடிவமைப்புக்கு எடுத்துக்காட்டு என்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அதன் ரிம் 16 அங்குலம். பக்கச்சுவர் 160 மில்லிமீட்டருக்கு மேல். நீண்ட சுருள் ஸ்பிரிங், பருத்த டயர். உழுத வயலிலும் அலுங்காமல் போகும் என்பதுதான் அதன் பேர். இன்றைய ரேஞ்ச் ரோவரின் 23 அங்குல ரிம்மைச் சுற்றி இருப்பது 114 மில்லிமீட்டர். அன்றைக்கு அந்த 16-ஐத் தேர்ந்தெடுத்த பொறியாளர்களும் கஞ்சர்களா? முழங்கால் வலியோடு பின்னால் உட்காரும் அம்மாவுக்காக 19 அங்குலம் போதும் என்று முடிவெடுக்கிற மகளும் கஞ்சமா? உயர்ந்த டயரைக் கேட்டு வாங்குகிறவர், பெரும்பாலும், வண்டியை உண்மையிலேயே தூரம் ஓட்டுகிறவர். அவரைப் பார்த்து அந்தச் சொல்லை எழுதியவர் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: டெஸ்ட் டிரைவ் வண்டியின் டயரைக் குனிந்து படியுங்கள். நீங்கள் பதிவு செய்யப் போகும் அளவும் அதில் இருக்கும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே அளவு உள்ள வண்டியைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் காத்திருங்கள். உங்கள் தெருவுக்குக் கொண்டுபோய், வீட்டில் மூத்தவரைப் பின் இருக்கையில் உட்கார வைத்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மோசமான ஒட்டுப்பகுதியின் மேல் ஓட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே 22 வாங்கிவிட்டவர்கள் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டையும் கையேட்டையும் பாருங்கள். அங்கே அனுமதித்திருக்கும் சிறிய அளவுக்கு மட்டும் இறங்கலாம். அதற்குக் கீழே போனால் பிரேக்கில் இடிக்கும். காற்றையும் அந்தச் சீட்டில் உள்ளபடியே அடியுங்கள், பங்க்கில் சொல்கிறபடி அல்ல. டிஃபெண்டர் என்றால் உங்கள் எஞ்சினுக்கு 18 கிடைத்தால் 18, இல்லையென்றால் 19 அல்லது 20. எக்ஸ்5 என்றால் 19. எந்த விற்பனையாளர் எவ்வளவு வற்புறுத்தினாலும் அதற்கு மேலே டிக் போடாதீர்கள்.